காரணிகரும் கட்டுரையும்: ஆராய்ச்சி இதழ்களின் மதிப்பீட்டு நெறி

ஆராய்ச்சி இதழில் வெளிவரும் கட்டுரை ஒருபொழுது படித்து ஒதுக்கப்படுவதன்று. பின்வரும் ஆய்வாளர் அதனை மேற்கோளாகக் கொள்வர். அம்மேற்கோளின்மேல் தம் முடிபுகளை எழுப்புவர். ஆதலின், கட்டுரையை அச்சேற்றுமுன் அத்துறை வல்லார் ஒருவரோ இருவரோ படித்து, சான்றுகளை ஆராய்ந்து, ஏற்கவோ திருத்தவோ மறுக்கவோ பரிந்துரைத்தல் இன்றைய அறிவுலக வழக்கு. இதனை ஒத்தார் மதிப்பீடு என்பர். தமிழாய்வுலகில் இம்மதிப்பீடு எங்ஙனம் நிகழ்கின்றது, எவ்விடத்துத் தளர்ந்துள்ளது, அதனைக் காத்தற்குரியார் யாவர் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வழக்கு மேலைநாட்டில் மிகப் பழைமையானது எனப் பலர் கருதுவர். இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் ஓர் அறிவியல் இதழைத் தொடங்கினார் என்பது உண்மையே. ஆயினும் அக்காலத்தில் கட்டுரைகளைத் தெரிந்தெடுத்தவர் பெரும்பாலும் அவர் ஒருவரே. நடுவரிடமிருந்து எழுத்து வடிவில் கருத்துப் பெறும் முறை அக்கழகத்தில் 1830களில்தான் தொடங்கிற்று. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழே புறத்தார் மதிப்பீட்டை 1973இல்தான் கட்டாயமாக்கியது. எனவே, இன்று நாம் மாற்றவியலாத மரபெனப் போற்றும் இம்முறை, கண்டிப்பான வடிவில் அரை நூற்றாண்டு வயதினதே.

தமிழ்மரபிலோ நூலை அவையத்தார் முன் அரங்கேற்றுதல் நெடுநாளைய வழக்கு. அவ்வழக்கைப் பற்றிய இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவன. அவற்றை வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. நூலை மதிப்பிடுதல் பற்றி முன்னோர் என்ன கருதினர் என்பதற்குச் சான்றாகக் கொண்டால் போதும்.

ஒன்று, இறையனார் களவியலுரையின் முகப்பில் உள்ளது. அறுபது நூற்பாவினதாகிய அகப்பொருள் நூலுக்குச் சங்கத்துப் புலவர் பலரும் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் தம்முள் முடிவு காண இயலாமையின், தமக்கொரு காரணிகன் வேண்டும் என அரசனை நாடினர். நாற்பத்தொன்பதின்மரே தலைசிறந்த புலவராயிருக்க அவர்க்கு மேற்பட்ட காரணிகனை யாண்டுப் பெறுவது என அரசன் மயங்கினன். பின்னர் இறைவன் குறிப்பால் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுடைய ஊமைச் சிறுவன் காரணிகன் ஆயினன். மருதன் இளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரைக்குச் சொற்றொறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது அச்செய்தி.

தெய்வத்தன்மையை நீக்கிப் பார்ப்பினும் இக்கதையில் ஒரு நுண்ணிய கருத்து எஞ்சி நிற்கின்றது. தாமே உரை எழுதியவர் பிறர் உரைக்கு நடுவராதல் பொருந்தாது. போட்டியில் பங்குகொண்டார் அனைவரும் விலகல் வேண்டும். நடுவனாதற்குப் பதவியும் வயதும் வேண்டா. பொருளை உணரும் ஆற்றலும், பயன் கருதாமையுமே வேண்டும். இக்காலத்தார் நலன் முரண்பாடு என வழங்கும் குற்றத்தை இதனினும் தெளிவாக விளக்கும் கதை பிறிதொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ‘ரெஃபரி’ என்னும் சொல்லுக்கு நடுவர், மதிப்பீட்டாளர், கருத்துரைஞர் எனப் பலவாறு எழுதிவருகின்றோம். காரணிகர் என்னும் பழஞ்சொல்லை ஆளுதல் தகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆயினும் உருத்திரசன்மனிடத்து ஒரு குறை உண்டு. அவன் ஏன் கண்ணீர் வார்ந்தான் என்பதை எவரும் வினவ இயலாது. காரணம் கூறாத காரணிகன் தெய்வத்தன்மையுடையனாயின் ஏற்போம். நம்மனோர்க்கு அவ்வுரிமை இல்லை.

மற்றொரு செய்தியைத் தொல்காப்பியப் பாயிரத்திற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் கூறுகின்றார். தொல்காப்பியனார்மீது சினங்கொண்ட அகத்தியனார், அவர் நூலைக் கேளற்க என அதங்கோட்டாசிரியரைத் தடுத்தார். தொல்காப்பியனாரோ நூலைக் கேட்டருளல் வேண்டும் எனப் பலகாலும் வேண்டினார். இருவரும் வெகுளாமைப்பொருட்டு, நூலைக் கேட்டுக் குற்றங்கூறி விடலாம் என அதங்கோட்டாசிரியர் கருதினார். ஆயின் அவர் எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் தொல்காப்பியனார் விடை கூறினமையின் நூல் அரங்கேறிற்று. ஆசிரியர் ஒருவர் தம் செல்வாக்கால் நடுவரைத் தம்பக்கம் ஈர்க்க முனைவது எத்துணைப் பழைமையான குற்றம்! குற்றங்காணும் எண்ணத்தோடு அமர்ந்த நடுவரும், தக்க விடை பெற்றபின் உடன்பட்டார் என்பதே இங்கு நம் கருத்திற்கொள்ளத் தக்கது. வினாவும் விடையும் அவையறிய நிகழ்ந்தமையால், உள்ளத்தில் இருந்த வெறுப்பு தீர்ப்பாக மாற இயலாமற் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய தமிழாராய்ச்சி இதழ்கள் இம்மரபை வேறொரு வகையில் தொடர்ந்தன. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் ‘செந்தமிழ்’, 1925இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ‘தமிழ்ப்பொழில்’ முதலியவற்றில் இன்று நாம் கூறும் மறைமுக மதிப்பீடு இல்லை. இதழாசிரியரின் புலமையே வாயிற்காவல். அச்சேறியபின் மறுப்பும், மறுப்பிற்கு மறுப்பும் எழுதியவர் பெயரோடு வெளிவந்தன. சேரர் வஞ்சி கருவூரா, மேலைக்கடற்கரையதா என்னும் வழக்கு அவ்வாறு பல்லாண்டு நடைபெற்றது. சொல்லில் கடுமை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் யார், எதனை, எச்சான்றால் மறுத்தார் என்பதை இன்றும் நாம் படித்தறிய முடிகின்றது. மறைமுக மதிப்பீட்டில் அவ்வாய்ப்பு இல்லை. கட்டுரை மட்டுமே எஞ்சும், அதனைச் செப்பம் செய்த உழைப்பு எஞ்சாது.

இனி, இந்நெறி நம் காலத்தில் தளர்ந்த வரலாற்றைக் காண்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிகளில், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் நடுவர் மதிப்பீடு பெற்ற இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருத்தல் வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியரின் பணியமர்த்தத்திற்கும் பதவி உயர்விற்கும் வெளியீடுகளுக்கு மதிப்பெண் வகுத்தன. நோக்கம் நன்றே. ஆயின் கட்டுரை அறிவின் பயனாக இருந்த நிலை மாறி, படிவம் ஒன்றில் நிரப்பவேண்டிய எண்ணாயிற்று. நாடெங்கும் பல்லாயிரவர்க்கு ஒரே காலத்தில் இதழ் தேவைப்பட்டது. தேவை கண்டு இதழ்கள் முளைத்தன. பணம் செலுத்தினால் இரண்டொரு நாளில் ஏற்புக்கடிதம் அனுப்பும் இதழ்கள் அவற்றுட் பல. தம்மிடம் பன்னாட்டு எண் உண்டு என்பதே அவை காட்டும் பெருமை. ஐ.எஸ்.எஸ்.என். என்னும் எட்டிலக்க எண், ஒரு தொடர்வெளியீட்டைப் பிறவற்றினின்று பிரித்தறிதற்கு அமைந்தது. அது தகுதிச் சான்றன்று; வாரப்பத்திரிகையும் அதனைப் பெறலாம். இவ்வெளிய உண்மையைக் கல்லூரி நேர்காணற் குழுக்களிலேயே எடுத்துரைக்க வேண்டியுள்ளமை வருந்தத்தக்கது.

குழப்பத்தைத் தீர்க்க எண்ணிய மானியக் குழு, 2017இல் ஏற்புடைய இதழ்கள் என 38,653 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்த இதழ்களும் இருந்தன. பூஷண் பட்வர்த்தன் முதலிய அறிஞர் 2018இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பல்கலைக்கழகப் பரிந்துரையால் இடம்பெற்று அவர்களால் ஆராயப்பட்ட இதழ்களுள் நூற்றுக்கு எண்பத்தெட்டிற்கு மேற்பட்டவை தரங்குறைந்தனவாகலாம். அவற்றைப் பரிந்துரைத்தவர் வெளியார் அல்லர். நம் போன்ற ஆசிரியர்களே. அவ்வாண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பின்னர்க் ‘கேர்’ எனப்படும் கூட்டமைப்பு உருவாகி, 2019 முதல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள நல்லிதழ்களின் பெயரையும் எண்ணையும் களவாடிப் போலி இணையதளம் அமைத்துக் கட்டுரையும் பணமும் பெறும் கூட்டத்தார் அதன்பின் பெருகினர். அப்போலி இதழ்களுக்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட நேர்ந்தது. 2022 நவம்பரில் முனைவர் பட்டத்திற்குரிய கட்டுரைக் கட்டாயத்தை மானியக் குழு நீக்கியது. 2025 பிப்ரவரியில் ‘கேர்’ பட்டியலையும் கைவிட்டு, இதழைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களுடையது என அறிவித்தது.

பட்டியல் போயிற்றே எனக் கலங்குவார் உளர். இக்கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை. பட்டியல் இருந்த காலத்தில் கட்டுரையைப் படிக்காமலே மதிப்பிட முடிந்தது. இதழின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. மதிப்பீட்டின் உயிர் படித்தலில் உள்ளது. அதனைப் பட்டியலிடம் ஒப்படைத்ததே தளர்ச்சியின் வேர் என்க. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று. 2013இல் ஜான் போஹனன் என்னும் அமெரிக்க எழுத்தாளர், வெளிப்படையான பிழைகள் பொதிந்த பொய்க் கட்டுரை ஒன்றைக் கற்பனைப் பெயர்களில் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டு, பொய்ப்பெயரில் நடுவர்களைப் படைத்துக் கட்டுரைகளைத் தாமே மதிப்பிட்டுக்கொண்ட சூழ்ச்சி வெளிப்பட்டமையால் ‘சேஜ்’ நிறுவனத்தின் இதழ் ஒன்று அறுபது கட்டுரைகளைத் திரும்பப்பெற்றது. கட்டுரையாளரிடமே நடுவர் பெயர்களைக் கேட்டுப்பெறும் வழக்கம் நம் இதழ்கள் சிலவற்றிலும் உண்டு. அப்பெயருடையார் உண்மையில் உளரா, அம்முகவரி அவருடையதுதானா என்பதையேனும் நோக்குதல் வேண்டும்.

எனினும் தமிழாய்விற்கே உரிய இடர்ப்பாடு வேறொன்று உண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை, இன்று தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அறியப்படும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அது நெல்லைச் சீமைப் பாளையங்களுள் ஒன்று. 1799இல் மேஜர் பானர்மன் படையெடுப்பின்பின் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் அடங்கும். இப்பாளையத்தைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதுகின்றார் எனக் கொள்வோம். கும்பினிக் கடிதங்களை நேரிற் கண்டாரா, கால்டுவெல் 1881இல் வெளியிட்ட நெல்லை வரலாற்றில் எடுத்தாளப்பட்ட பகுதிகளையே கடிதங்களாகக் காட்டினாரா, கட்டபொம்மு கதைப்பாடல்களின் செய்தியை வரலாற்றுச் செய்தியாக மயங்கினாரா, ஊரில் வழங்கும் செய்தியை யாரிடம், எப்பொழுது கேட்டார் என்பவற்றையெல்லாம் நடுவர் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களை வினவ வல்லவர் எத்துணைப்பேர் இருப்பர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருள் ஒருவர் கட்டுரையாளரின் நெறியாளராக இருப்பார். மற்றொருவர் நெறியாளரோடு மாறுபட்டவராக இருப்பார். பிறிதொருவர் அப்பொருள் பற்றியே நூல் எழுதிக்கொண்டிருப்பார். பெயரை மறைத்தாலும் எடுத்தாண்ட பாடபேதத்தையும் நடையையும் கண்டே இன்னார் கட்டுரை என அறிந்துகொள்வர். பல்லாயிரவர் உழைக்கும் துறைக்குப் பொருந்தும் இருபுற மறைப்பு, ஐவர் உழைக்கும் துறையில் திரைச்சீலையளவு காப்பும் தருவதில்லை.

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? கட்டுரையாளரை அறிந்துகொண்ட நடுவர் அதனை இதழாசிரியர்க்கு எழுத்தில் தெரிவித்தல் முதற்கடன். நெறியாளரும், அவரோடு வழக்குடையாரும், அப்பொருளில் வெளிவராத ஆய்வு கையில் உடையாரும் விலகுதல் இரண்டாவது. கையிலுள்ள ஆய்வை முதலில் முடித்துக்கொள்ளும் பொருட்டு, வந்த கட்டுரையை ஆறு திங்கள் மேசையில் உறங்கவிடும் நடுவர் செயலைத் திருட்டு என்று கூறாவிடினும், அதனோடு உறவுடையது என்றேனும் கூறலாம். எஞ்சும் நடுவர் போதாராயின் துறையின் வேலியைத் தாண்டுதல் வேண்டும். வரலாற்றுத் துறையார் ஒருவர் ஆவணங்களை மதிப்பிடலாம். சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ பல்கலைக்கழகப் பதவியின்றி, வட்டார வரலாற்றில் நெடுநாள் உழைத்த ஒருவர் களச்செய்தியை மதிப்பிடலாம். ஒத்தார் என்பது புலமையால் ஒத்தாரையே குறிக்கும். பதவியால் ஒத்தாரை அன்று. தமிழ்த்துறைகளில் ஆசிரியர் மாணவர் வழிமுறை பெரிதும் போற்றப்படுவது. அப்பற்று வகுப்பறைக்கு அணி. நடுவர் குறிப்பில் அதற்கு இடமில்லை.

இதே வட்டாரம் மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சிவகாசிப் பகுதிகளில் தீக்குச்சி அடுக்குவோர், சரவெடி பின்னுவோர் முதலிய பெண்களின் பாடல்களையும் வாழ்க்கைச் செய்திகளையும் பதிவு செய்யும் நாட்டார் வழக்காற்று ஆய்வுகளை எண்ணிப் பார்க்கலாம். ஏடுதவினோர் பெயரை உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் தம் பதிப்பு முகவுரைகளில் நன்றியோடு குறித்தனர். அந்நெறிப்படி பாடிய பெண்ணின் பெயரைக் குறித்தல் ஆய்வாளர் கடன். ‘தகவலாளி’ என்னும் ஒரு சொல்லில் பாடியவரை மறைத்து, பாடலைத் தம் தொகுப்பாக்கிக்கொள்வது ஏட்டைப் பெற்று உடையவரை மறப்பதை ஒக்கும். ஆனால் அப்பெண் வெடிவிபத்தைப் பற்றியோ, கூலியைப் பற்றியோ, மேலாளைப் பற்றியோ பாடியிருப்பின்? பெயரும் ஊரும் அச்சில் வந்தால் அவர் பிழைப்பிற்கு ஊறு நேரலாம். அங்குப் பெயரை மறைத்தலே கடன் ஆகிவிடுகின்றது. எதனைச் செய்யவேண்டும் என்பதை ஆய்வாளர் தாமே முடிவுசெய்தல் ஆகாது. பாடியவரைக் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கப்பட்டதா, அச்சிடப்படும் என்பது அவர்க்கு விளங்கும்படி கூறப்பட்டதா என நடுவர் ஒரு வரி வினவினால் போதும். இவ்வினாவை எழுப்பும் நடுவர் குறிப்பைக் காண்பது அரிதாக உள்ளது. இலக்கணப் பிழைகளைச் சுழித்துக் காட்டுவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியேனும் இதிற் காட்டுதல் தகும்.

கருத்துத் திருட்டைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 2018 ஜூலையில் மானியக் குழு வெளியிட்ட விதிகள், ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டமில்லை என்றும், பத்திற்கு மேல் நாற்பது வரை, நாற்பதிற்கு மேல் அறுபது வரை, அறுபதிற்கு மேல் என மூன்று படிகளில் தண்டம் உண்டென்றும் வகுத்தன. முறைப்படி காட்டிய மேற்கோளைக் கணக்கில் சேர்த்தல் ஆகாது என்பதும் அவ்விதியே. நடைமுறையில் நிகழ்வது வேறு. எண்ணைத் தரும் பொறி, எழுத்துகளை ஒப்பிடுமேயன்றிக் கருத்தை ஒப்பிடாது. சந்தி சேர்த்தும் பிரித்தும், சொல்லை முன்பின் மாற்றியும் எழுதினால் அது ஏமாறும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ், பொறிக்குத் தமிழாகவே தோன்றுவதில்லை. செந்தமிழ்த் தொகுதிகள் போன்ற பழைய இதழ்கள் இணையத்தில் ஏறியிருப்பினும் பெரும்பாலும் படங்களாகவே ஏறியுள்ளன. அவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தெழுதினும் பொறி சுழியமே காட்டலாம். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தம்முடையதாகக் காட்டுவதையும் அது அறியாது. மறுபுறம், புறநானூற்று உரைகளை ஒப்பிட்டு மேற்கோள் மிகுதியாகக் காட்டிய நேர்மையான மாணவர், கூடிய எண் பெற்று வருந்துவார். பொறி எழுதித்தரும் கட்டுரைகள் வந்துவிட்ட இன்று இவ்வெண்ணின் பொருள் மேலும் சுருங்கிவிட்டது.

ஒருவர் கருத்தை எடுத்துக்கூறி ஆளுதலைப் ‘பிறன்கோட் கூறல்’ எனத் தொல்காப்பியம் நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாக வைத்தது. பிறர் கருத்தை ஆளுதல் குற்றமன்று. பிறன் கோள் எனக் கூறாமையே குற்றம். ‘கூறியது கூறல்’ நூற்குற்றங்களுள் ஒன்று. ஓர் ஆய்வேட்டின் ஓரியலை ஐந்து தலைப்பில் ஐந்து இதழ்களுக்கு அனுப்புவார்க்கு இப்பெயர் நன்கு பொருந்தும். இவற்றையெல்லாம் அறிதற்குப் பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டிய நடுவரின் நினைவே கருவி. அந்நினைவுடையார் மூப்பெய்தி வருகின்றனர். பழந்தொகுதிகளை எழுத்துருவில் மாற்றிப் பொருளடைவு அமைக்கும் பணியைப் பட்ட மேற்படிப்பு மாணவர்க்குப் பயிற்சியாக அளிப்பின், திருட்டைத் தடுத்தலோடு ஆய்வு முன்வரலாறும் அவர்க்குக் கைவரும்.

இதழாசிரியர் கடனுள் நாம் முற்றும் மறந்தது ஒன்று உண்டு. அச்சான கட்டுரை களவென்றோ பொய்யென்றோ தெளிந்தபின் யாது செய்வது? 1997இல் இங்கிலாந்தில் தோன்றிய பதிப்பறக் குழுவின் நெறிப்படி, அக்கட்டுரை திரும்பப்பெறப்பட்டது என்பதையும், காரணத்தையும், திரும்பப்பெற்றவர் யார் என்பதையும் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். சுவடின்றி அழித்துவிடுதல் முறையாகாது. அழித்துவிட்டால் முன்னரே அதனை மேற்கோள் காட்டியவர் உண்மையறிய வழியில்லை. நம் இதழ்களிலோ ‘கட்டுரைகளில் உள்ள கருத்துகளுக்குக் கட்டுரையாளரே பொறுப்பு’ என்னும் ஒரு வரியை உள்ளட்டையில் அச்சிட்டு அமைகின்றோம். கருத்திற்கு அவர் பொறுப்பாகலாம். அதனை ஏற்று வெளியிட்டமைக்கு அவர் பொறுப்பாதல் எங்ஙனம்? இணைய இதழாயின் அக்கட்டுரையின் தலைப்பிலேயே அறிவிப்பைச் சேர்த்துவிடலாம். அச்சிதழாயின், அடுத்த இதழில் அறிவிப்பை வெளியிட்டு, அதனைப் பொருளடக்கத்திலும் காட்டுதல் வேண்டும். இதழ் செல்லும் நூலகங்களுக்கு அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்றும் உடனனுப்பி, கட்டமைத்த பழைய தொகுதியில் அக்கட்டுரையின் முதற்பக்கத்தில் ஒட்டுமாறு நூலகரை வேண்டிக்கொள்ளலாம். இதற்காகும் செலவு சில தபால் உறைகளே.